கட்டடத்தையும் நிலத்தையும் வரலாற்றாசிரியர்கள் எப்படிப் படிக்கிறார்கள்?

கேள்வி: பழைய கட்டடம் ஒன்றைக் காட்டி, "இது அதிகாரத்தின் வெளிப்பாடு", "இந்தத் தோட்டம் சொர்க்கத்தின் பிம்பம்" என்றெல்லாம் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கட்டியவர்கள் பெரும்பாலும் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை. பிறகு இவர்களுக்கு எப்படித் தெரியும்? இதில் ஆய்வு எவ்வளவு, கற்பனை எவ்வளவு? ஒரே கட்டடத்துக்கு இருவர் இரண்டு விளக்கம் சொன்னால் யாரை நம்புவது?

பதில்:

சந்தேகம் நியாயமானதுதான். இந்தத் துறையில் கற்பனைக் குதிரையைத் தட்டிவிட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கட்டடத்தின் வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்துக் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போனால் கடைசியில் ஏதாவது ஒரு பொன் விகிதம் (அழகின் இலக்கணம் என்று சொல்லப்படும், ஏறக்குறைய 1.618 என்ற அளவு) அகப்பட்டே தீரும். ஏதென்ஸின் பழங்காலக் கோயிலான பார்த்தினான் இந்த விளையாட்டில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதற்காக மொத்தத் துறையையும் ஒதுக்கிவிட முடியாது. பொருள் சொல்வது கடைசிப் படி. அதற்கு முன்னால் சலிப்பூட்டும் வேலை மலைபோல் கிடக்கிறது. அதைச் செய்துவிட்டுப் பேசுகிறாரா, செய்யாமல் பேசுகிறாரா என்பதைக் கண்டுகொள்ள எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: தன் விளக்கத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடிய ஒன்றை அவராகத் தேடிப் போனாரா?

முதல் வேலை, எது முந்தியது எது பிந்தியது என்று பிரிப்பது. நாம் ஒரு கட்டடத்தை ஒரே பொருளாகப் பார்க்கிறோம். முந்நூறு ஆண்டு நின்ற எந்தக் கட்டடமும் ஒரே பொருள் அல்ல. ஜன்னலை அடைத்திருப்பார்கள், கூரையை உயர்த்தியிருப்பார்கள், இடிந்த வேறொரு கட்டடத்தின் கல்லைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். ஆகவே ஆய்வாளர் அளவெடுப்பதில் தொடங்குகிறார். லேசர் கருவி சில நிமிடங்களில் லட்சக்கணக்கான புள்ளிகளைப் பதிந்து கொடுத்துவிடும். எந்தப் புள்ளியைச் சந்தேகப்படுவது என்று அது சொல்லாது. கையால் அளந்து வரைபவர் ஒவ்வொரு கல்லிடமும் நின்றாக வேண்டும். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பிணைந்திருக்கின்றனவா, அல்லது மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு இடைவெளி ஓடுகிறதா? நேராக ஓடினால் இரண்டாவது சுவர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று பொருள். சாரம் கட்டுவதற்காக விட்ட துளைகளின் வரிசை திடீரென்று மாறினால் அங்கே வேலை நின்று மறுபடி தொடங்கியிருக்கலாம். காரையின் நிறம், செங்கல்லின் அளவு, ஆணியின் வகை, உளியின் தடம் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

உளித் தடம் என்றதும் இங்கிலாந்தின் கான்டர்பரி பேராலயம் நினைவுக்கு வருகிறது. 1174-ல் அதன் பாடற்குழுப் பகுதி தீக்கிரையானது. மீண்டும் கட்ட பிரான்சிலிருந்து சான்ஸ் நகரத்து வில்லியம் என்ற தலைமைக் கொத்தனார் வந்தார். நான்கு ஆண்டு கழித்துச் சாரத்திலிருந்து ஏறக்குறைய 50 அடி கீழே விழுந்து முடங்கினார். ஆங்கிலேயரான இன்னொரு வில்லியம் வேலையைத் தொடர்ந்தார். இவ்வளவும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அந்த மடத்துத் துறவியான ஜெர்வாஸ் எந்த ஆண்டில் எந்தத் தூண் எழுந்தது என்பதுவரை எழுதி வைத்ததுதான். பழைய வேலைக்கும் புதிய வேலைக்கும் என்ன வேறுபாடு என்றும் ஒப்பிடுகிறார்: பழையது கோடரியால் கொத்தியது, புதியது உளியால் செதுக்கியது. 1845-ல் ராபர்ட் வில்லிஸ் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் அந்தக் குறிப்பைக் கட்டடத்தோடு வரிவரியாக ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். இயந்திரவியல் படித்த மனிதர். தூண், வளைவு, கூரை எப்படிப் பாரத்தைத் தாங்குகின்றன என்று பார்த்துப் பழகிய கண். ஜெர்வாஸ் சொன்ன இடத்தில் கல்லின் வேலைப்பாடு மாறுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கட்டட வரலாறு ஒரு முறையான துறையாக உருவெடுத்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜெர்வாஸ் கண்ணால் கண்டவர். ஆனால் மடத்தின் ஆள். பேராயர் தாமஸ் பெக்கெட் 1170-ல் அதே ஆலயத்தில்தான் கொல்லப்பட்டார், யாத்திரிகர் கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது, மடத்துக்குச் சொல்ல வேண்டியதும் மறைக்க வேண்டியதும் இருந்தன. எனவே எந்த ஆண்டில் எது கட்டப்பட்டது என்பதில் அவரை நம்பலாம், ஏன் அப்படிக் கட்டினார்கள் என்பதில் அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். ஒரே சாட்சியை ஒரு விஷயத்துக்கு ஏற்று இன்னொன்றுக்கு மறுப்பதில் முரண்பாடு இல்லை. நீதிமன்றத்தில் தினமும் நடப்பதுதான்.

பெரும்பாலான கட்டடங்களுக்கு ஜெர்வாஸ் கிடைப்பதில்லை. அப்போது மரம் உதவுகிறது. மழை பெய்த ஆண்டில் மரத்தின் வளையம் அகலமாகவும், வறண்ட ஆண்டில் குறுகியும் அமைகிறது; இந்த ஏற்ற இறக்க வரிசையை ஒரு வட்டாரத்து மரங்களில் பின்னோக்கிக் கோத்துக்கொண்டே போகலாம். அமெரிக்க வானியலாளர் ஏ. இ. டக்ளஸ் இப்படித்தான் தென்மேற்கு அமெரிக்காவின் பழங்குடிக் குடியிருப்புகளின் வயதைத் தேடினார். அவரிடம் இரண்டு வரிசைகள் இருந்தன; இடையே ஒரு வெற்றிடம். 1929-ல் அரிசோனாவின் ஷோ லோ என்ற இடத்தில் கிடைத்த, பாதி கரிந்த ஒரு உத்தரம் அந்த இடைவெளியை நிரப்பியது. எச்.எச்.-39 என்பது அதன் எண். அதுவரை முன்னது பின்னது என்று மட்டும் தெரிந்திருந்த புவெப்லோ பொனிட்டோ போன்ற இடிபாடுகளுக்கு அன்று முதல் ஆண்டு எண்கள் கிடைத்தன.

இந்த முறையைக் கையாள்பவர் மறக்கக் கூடாத எச்சரிக்கை ஒன்று உண்டு. வளையம் சொல்வது மரம் வெட்டப்பட்ட ஆண்டை. வீடு கட்டிய ஆண்டை அல்ல. பட்டைவரை மரம் முழுதாக இருந்தால் வெட்டிய பருவத்தைக்கூடச் சொல்லலாம். வெளிப்பகுதியைச் செதுக்கி எறிந்திருந்தால், இந்த ஆண்டுக்குப் பிறகு என்று மட்டுமே சொல்ல முடியும். நல்ல உத்தரத்தை யாரும் வீணாக்குவதில்லை. இடித்த வீட்டின் மரம் புது வீட்டில் ஏறும். அதனால் ஒரு உத்தரத்தை வைத்துக் காலம் குறித்தவரை நான் நம்புவதில்லை. பத்து உத்தரங்கள் ஒரே குளிர்காலத்தைக் காட்டினால் நம்பலாம்.

கட்டடமே ஏமாற்றும் இடமும் உண்டு. பாரிஸ் நோத்ர-தாம் ஆலயத்தின் மேலிருந்து நகரத்தை வெறித்துப் பார்க்கும் விநோத விலங்குகளை இடைக்கால மனத்தின் அச்சம் என்று எழுதியவர்கள் பலர். அவை 19-ம் நூற்றாண்டில் நடந்த புனரமைப்பின்போது கட்டடக் கலைஞர் வியோலே-ல-துக் வடிவமைத்து வைத்தவை. ஆகவே இடைக்காலக் கட்டடம் ஒன்றைப் படிக்கப் போகிறவர் முதலில் படிக்க வேண்டியது அதைப் பழுதுபார்த்தவர்களின் கணக்குப் புத்தகங்களை. அதே ஆலயம் 2019-ல் எரிந்தபோது ஆய்வாளர்களுக்கு எதிர்பாராத வாய்ப்பும் கிடைத்தது. வெளியே தெரியாமல் கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகள் தென்பட்டன. அவற்றைச் சோதித்ததில், 1160-களிலேயே, அதாவது கட்டத் தொடங்கிய காலத்திலேயே, கட்டுமானம் முழுவதும் இரும்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இந்த ஆலயம் கட்டப்பட்ட கோதிக் பாணியைக் கல்லின் சாதனை என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

ஓவியங்களிலும் இதே சிக்கல். இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான வார்சா நகரத்தை மீண்டும் எழுப்பியபோது, போருக்கு முன்பு கட்டடக்கலை மாணவர்கள் எடுத்த அளவு வரைபடங்களோடு, 18-ம் நூற்றாண்டு ஓவியர் பெல்லோட்டோவின் நகரக் காட்சிகளையும் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். அவருடைய துல்லியம் பெயர் பெற்றது. ஆனாலும் சில முகப்புகளைத் தன் ரசனைக்கேற்ப மெருகேற்றி வரைந்திருந்தார். அந்த மெருகும் இன்று கல்லாக நிற்கிறது. ஓவியம், புகைப்படம், வரைபடம் எதுவாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, யார் காசு கொடுத்து எடுக்கச் சொன்னார்கள் என்பது. அந்த வகையில் அழகில்லாத காகிதங்கள் அதிக உதவி செய்கின்றன. வரிப் பட்டியல், வழக்குப் பத்திரம், காப்பீட்டு விண்ணப்பம். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன் 1796-ல் தன் மாண்டிசெல்லோ மாளிகைக்குக் காப்பீடு எடுக்கும்போது, மாளிகைக்கு அருகில் வரிசையாக நின்ற பட்டறைகளையும் அடிமைகளின் குடிசைகளையும் அளவோடு குறித்துக் கொடுத்தார். மல்பெரி வரிசை என்று அழைக்கப்பட்ட அந்தத் தெருவில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. தொல்லியலாளர்கள் எங்கே தோண்டுவது என்று முடிவெடுக்க அந்தப் பட்டியல் வழிகாட்டியது.

இனி நிலம். நிலத்தைப் படிப்பது கட்டடத்தைப் படிப்பதைவிடக் கடினம், ஏனென்றால் அது இயற்கை என்ற முகமூடி போட்டுக்கொள்கிறது. 18-ம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பூங்காக்களைப் பார்த்தால் மேடு, குளம், சிதறி நிற்கும் மரங்கள் எல்லாம் தானாக அமைந்தவை போலவே இருக்கும். டார்செட்டில் மில்டன் பிரபு தன் மாளிகையின் முன்னால் இப்படி ஒரு காட்சி வேண்டும் என்பதற்காக, அங்கிருந்த மிடில்டன் என்ற சிற்றூரையே படிப்படியாக அப்புறப்படுத்தினார். கேபபிலிட்டி பிரவுன் என்று பெயர்பெற்ற தோட்ட வடிவமைப்பாளர் நிலத்தைத் திருத்தினார். கண்ணுக்குத் தெரியாத தொலைவில், ஒரே அச்சில் வார்த்த வீடுகளோடு மில்டன் அப்பாஸ் என்ற புதிய கிராமம் முளைத்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் அந்தக் கிராமத்தின் அழகைப் படம் எடுக்கிறார்கள். பழைய ஊரின் தடத்தைத் தேடுபவர் புல்வெளியில் சாய்வாக விழும் மாலை வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டும். அப்போதுதான் தெருவும் வீட்டு அடித்தளமும் இருந்த இடங்களில் மெல்லிய மேடுபள்ளங்கள் நிழல் காட்டும்.

மேலிருந்து பார்ப்பது இந்தத் துறையைப் புரட்டிப்போட்டது. புதைந்த அகழியின் மேல் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருப்பதால் பயிர் உயரமாக வளரும். புதைந்த சுவரின் மேல் அது சவலையாக நிற்கும். தரையில் நடப்பவருக்கு இது தெரியாது. 1925-ல் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே பறந்த விமானி கில்பர்ட் இன்சால், வயலில் வட்ட வட்டமாகப் புள்ளிகளைக் கண்டார். அகழாய்வில் அவை பெரிய மரத் தூண்கள் நின்ற குழிகள் என்று தெரிந்தது. இன்று அது உட்ஹெஞ்ச். வறட்சி ஆண்டுகள் இதற்கு உகந்தவை: 2018-ல் அயர்லாந்தில் மழை பொய்த்தபோது, நியூகிரேஞ்ச் கல்லறைக்கு அருகே அதுவரை யாரும் அறியாத ஒரு பெரிய வட்ட அமைப்பு வயலில் பச்சைக் கோடாக எழுந்து நின்றது.

எளிய சூத்திரங்கள் நிலத்திடம் எடுபடுவதில்லை. இங்கிலாந்தின் வேலிப் புதர்களுக்கு வயது காண மாக்ஸ் ஹூப்பர் ஒரு கணக்கு சொன்னார்: 30 கஜ நீளத்தில் எத்தனை வகை மரஞ்செடிகள் இருக்கின்றனவோ அத்தனை நூற்றாண்டு. ஆர்வலர்கள் பலர் இதை எடுத்துக்கொண்டு வயல் வயலாக எண்ணினார்கள். பிறகு ஆவணங்களோடு ஒப்பிட்டபோது பல இடங்களில் கணக்கு உதைத்தது. தொடக்கத்திலேயே பல வகைச் செடிகளைக் கலந்து நட்டவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்தச் சூத்திரத்தின்மேல் கோபமில்லை. சரிபார்க்கக்கூடிய வடிவத்தில் ஒன்றைச் சொன்னதால்தான் அது தவறும் இடத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது.

நிலத்தை விளக்குவதில் நடந்த விவாதங்களில் கம்போடியாவின் பழைய தலைநகரான அங்கோர்தான் எனக்குப் பிடித்தது. பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார்-பிலிப் குரோஸ்லியே 1979-ல் அதை நீரால் வாழ்ந்த நகரம் என்று விளக்கினார். அதன் மேற்கு பாராய் ஏரி மட்டும் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அகலமும் கொண்டது. இவ்வளவு நீரைத் தேக்கிப் பாசனம் செய்தார்கள், அதனால் பெருங்கூட்டம் வாழ்ந்தது, நீர் அமைப்பு சிதைந்ததும் நகரமும் சிதைந்தது என்பது அவர் வாதம். உடனே எதிர்ப்பு வந்தது. நீரைத் தேக்கினார்கள் சரி, அதை வயலுக்குக் கொண்டுபோன மதகும் வாய்க்காலும் எங்கே? அவை இல்லையென்றால் அந்த ஏரிகள் பிரபஞ்சக் கடலின் சின்னங்கள்தானே? அதாவது ஒரே ஏரி ஒருவருக்குப் பொறியியல், இன்னொருவருக்குச் சமயம்.

இந்த விவாதம் வாய்ச்சண்டையாகவே நின்றிருக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பின் கேள்வி, எதைத் தேட வேண்டும் என்று காட்டிவிட்டது. அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் தரையிலும் வான்படங்களிலும் கரை கரையாகப் பின்தொடர்ந்து நீர் உள்ளே வரும் வழிகளையும் வெளியே போகும் வழிகளையும் வரைபடத்தில் ஏற்றினார்கள். 2007-ல் வெளியான வரைபடம், ஏறக்குறைய 1000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடந்த, நெருக்கமில்லாத ஒரு குடியிருப்பைக் காட்டியது. 2012-ல் ஹெலிகாப்டரிலிருந்து லைடார் என்ற லேசர் கதிர்களைப் பாய்ச்சினார்கள். இலைகளுக்கிடையே நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பும் கதிர்களை மட்டும் பிரித்தெடுத்தால் காடு மறைந்து தரை தெரியும். அங்கோர் வாட் கோயிலின் மதிலுக்குள்ளேயே சதுரம் சதுரமாகத் தெருக்களும் வீட்டு மேடுகளும் குட்டைகளும் வந்தன. 1296-ல் அங்கே வந்து ஏறக்குறைய ஓராண்டு தங்கிய சீனத் தூதுக்குழுவின் ஜோ தாகுவான், சாமானியர்களின் வீடுகள் கூரை வேய்ந்தவை என்று எழுதியிருக்கிறார். மரமும் ஓலையும் மக்கிப்போயின, அவை நின்ற மேடு மிஞ்சியது. கல் கோயில்களை மட்டும் பார்த்துக்கொண்டு கடவுளர் வாழ்ந்த வெறும் நகரம் என்று எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்த வேண்டியதாயிற்று.

வீழ்ச்சிக்கும் ஒரு புதிய சாட்சி வந்தது. வியட்நாமின் மலைகளில் உள்ள நெடுங்கால மரங்களின் வளையங்களை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வு, 14-ம், 15-ம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சிகளும் அவற்றுக்கிடையே மூர்க்கமான பருவமழைகளும் வந்ததைக் காட்டியது. வறட்சிக்கென்று வாய்க்காலை மாற்றியமைத்த ஊரை வெள்ளம் உடைத்துவிட்டுப் போயிருக்கக்கூடும். குரோஸ்லியே சொன்ன மக்கள்தொகை எண்ணிக்கை இன்று நிற்கவில்லை. நீர்தான் மையம் என்ற உள்ளுணர்வு நிற்கிறது. அதே லைடார் படத்தில் அங்கோர் வாட்டுக்குத் தெற்கே மண்ணாலான பிரம்மாண்டமான சதுரச் சுருள்கள் தெரிந்தன. அவை தோட்டமா, வேறெதாவதா என்பது முடிவாகவில்லை. எதுவென்று சொல்ல முடியாததை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்தார்கள் பாருங்கள், அதுவும் முறையின் ஒரு பகுதிதான்.

இப்போது நீங்கள் கேட்ட "சொர்க்கத்தின் பிம்பம்" விஷயத்துக்கு வருகிறேன். தாஜ் மஹாலை எடுத்துக்கொள்வோம். 1631-ல் மும்தாஜ் இறந்தார், மறு ஆண்டு வேலை தொடங்கியது. நான்கு பாகத் தோட்டத்தின் நடுவில் கல்லறை வைப்பதுதான் முகலாயர் வழக்கம். ஹுமாயூன் கல்லறை அப்படித்தான் இருக்கிறது. தாஜில் கல்லறை தோட்டத்தின் ஒரு கோடியில், ஆற்றங்கரையில் போய் நிற்கிறது. ஏன்?

1979-ல் கலை வரலாற்றாசிரியர் வெய்ன் பெக்லி ஒரு துணிச்சலான விடை சொன்னார். வளாகம் முழுவதும் செதுக்கப்பட்டுள்ள குர்ஆன் வசனங்கள் தீர்ப்பு நாளையும் சொர்க்கத்தையும் சுற்றியே இருக்கின்றன. பெரிய வாயிலில் உள்ள 89-வது அத்தியாயம் "என் சொர்க்கத்தில் நுழைவாயாக" என்று முடிகிறது. இதோடு சூஃபி ஞானி இப்னு அல்-அரபியின் நூலில் உள்ள தீர்ப்பு நாள் மைதான வரைபடத்தைச் சேர்த்துவைத்து, கல்லறை நிற்கும் இடம் இறைவனின் சிம்மாசனத்தின் இடம் என்று வாசித்தார். படிக்கும்போது சிலிர்க்கும். ஆனால் நம் சோதனையை வைத்துப் பாருங்கள். வசனங்கள் உறுதியான சான்று. கல்லில் இருக்கின்றன, அவற்றை எழுதிய அமானத் கானின் கையொப்பமும் இருக்கிறது. அந்த வரைபடம் ஷாஜகானின் கட்டடக்காரர்களின் கைக்கு வந்தது என்று காட்டுவது வேறு. வளாகத்தை அங்குலம் அங்குலமாக வர்ணித்த அரசவை வரலாற்றாசிரியர் லாஹோரி இப்படி ஒரு பொருளைச் சொல்லவில்லை.

இன்னொரு கலை வரலாற்றாசிரியரான எப்பா கோக் வேறு பக்கமிருந்து வந்தார். வளாகம் முழுவதையும் அளந்தார், பிறகு கண்ணை உயர்த்தி அக்கம்பக்கத்தைப் பார்த்தார். ஜெய்ப்பூரில் உள்ள 18-ம் நூற்றாண்டின் ஆக்ரா வரைபடத்தில் யமுனையின் இரு கரைகளிலும் பிரபுக்களின் தோட்டங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றில் முக்கியக் கட்டடம் ஆற்றின் கரையில், தோட்டம் அதன் பின்னால். அதாவது கட்டடத்தைக் கோடியில் வைப்பது அந்த ஊர் வழக்கம். தாஜ் ஒரு கல்லறையில் அந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது. மும்தாஜுக்குச் சொர்க்கத்தில் அமைந்த மாளிகையின் பூலோக வடிவம் என்று அவரும் ஒரு பொருள் சொல்கிறார். ஆனால் அது அண்டை வீடுகளிலிருந்து எழும் பொருள்.

எதிர்க்கரையைப் பற்றி ஒரு கதை உலவுகிறதே, கருப்புத் தாஜ் மஹால். அதன் ஊற்று, ஷாஜகான் ஆற்றின் அக்கரையில் தன் கல்லறையைக் கட்டத் தொடங்கினார் என்று பிரெஞ்சு வணிகர் தவெர்னியே எழுதிய ஒரு வரி. அந்த இடம் மஹ்தாப் பாக் என்ற நிலவுத் தோட்டம். 1990-களில் அங்கே அகழாய்வு நடந்தபோது கல்லறைக்கான அடித்தளம் எதுவும் கிடைக்கவில்லை. பெரிய எண்கோணக் குளம் கிடைத்தது, அதில் தாஜின் பிம்பம் விழும். அதற்கு முன்பே காகிதத்திலும் தடயம் இருந்தது. 1652-ல் ஔரங்கசீப் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், மழையில் கல்லறையின் குவிமாடம் ஒழுகுவதையும் மஹ்தாப் பாக் வெள்ளத்தில் மூழ்கியதையும் சொல்கிறார். கட்டி முடித்துப் பத்தாண்டு ஆவதற்குள் ஒழுகல்! பளிங்குக் கனவு என்று உருகுபவர்கள் அந்தக் கடிதத்தை ஒருமுறை படிக்கலாம். அக்கரைத் தோட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் தாஜ் மீண்டும் நடுவில் வந்துவிடுகிறது என்பது இதில் கிடைத்த உபரி.

கட்டியவரின் எண்ணத்தை மட்டும் தேடுவதில் ஒரு குறை இருக்கிறது. கட்டடத்தைப் பயன்படுத்தியவர்கள் காணாமல் போகிறார்கள். 1980-களில் கட்டட வரலாற்றாசிரியர் டெல் அப்டன், 18-ம் நூற்றாண்டு அமெரிக்க வர்ஜீனியாவில் அடிமைகளை வைத்து வேளாண்மை செய்த தோட்ட முதலாளிகளின் நிலத்தை இரண்டு நிலங்களாகப் படித்துக் காட்டினார். முதலாளி போட்ட பாதையில் வருபவர் வாயில், முற்றம், படி, கூடம் என்று ஒவ்வொரு தடையாகக் கடந்து அவரை நெருங்க வேண்டும். எவ்வளவு தூரம் உள்ளே போக முடிகிறது என்பதே வந்தவரின் தகுதி. அடிமைகளுக்கு அந்தப் பாதை பொருந்தாது. அவர்கள் பின்கதவால் நேராக உள்ளே போய்விடுவார்கள், காட்டு வழிகளால் அடுத்த தோட்டத்து உறவினரைப் பார்க்கப் போவார்கள். அதே நிலம், வேறு வரைபடம். மாண்டிசெல்லோவில் சாப்பாட்டு அறையின் கணப்படுப்பு ஓரத்தில் கீழறையிலிருந்து மது பாட்டில்களை ஏற்றும் சிறு தூக்கியும், உணவுத் தட்டுகள் வைத்துத் திருப்பும் சுழல் கதவும் உண்டு. ஜெபர்சனின் புத்திக்கூர்மை என்று பாராட்டுவார்கள். பரிமாறுபவரின் முகம் விருந்தினருக்குத் தெரியாமல் போவதும் அந்தக் கதவின் வேலைதான். இந்த வகை வாசிப்பில் ஆபத்தும் இருக்கிறது: பாதைகள் எழுத்தில் பதிவாவதில்லை, எனவே அடிமைகளாக இருந்தவர்களின் நினைவுக் குறிப்புகளும் முதலாளிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட புகார்களும் கைகொடுத்தால்தான் அது ஊகத்தைத் தாண்டும்.

கடைசிக் கேள்வி, இருவர் முரண்பட்டால் யாரை நம்புவது. நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பாலங்களை வைத்தே சொல்கிறேன். பொதுப்பணிகளை நடத்திய அதிகாரி ராபர்ட் மோசஸ் போட்ட தோட்டச் சாலைகளின் (கார்களுக்கென்று பூங்கா போல அமைத்த சாலைகள்) மேலே செல்லும் கல் பாலங்கள் தாழ்வானவை. ஏழைகளும் கறுப்பினத்தவரும் பேருந்தில் ஜோன்ஸ் கடற்கரைக்கு வந்துவிடக் கூடாது என்றே அவற்றைத் தாழ்வாகக் கட்டினார் என்று, மோசஸின் உதவியாளர் சிட்னி ஷபைரோ சொன்னதாக, வாழ்க்கை வரலாற்றாசிரியர் ராபர்ட் கேரோ 1974-ல் எழுதினார். 1980-ல் அரசியல் அறிஞர் லாங்டன் வின்னர் அதைத் தன் கட்டுரையில் எடுத்தாண்டார். பொருள்களுக்கும் அரசியல் உண்டு என்பதற்குப் பாடநூல் உதாரணமாகிவிட்டது. 1999-ல் சமூகவியலாளர் பெர்ன்வார்டு யோர்கஸ் குறுக்கிட்டார். அந்த வகைச் சாலைகளில் பேருந்து, லாரி போன்ற வணிக வாகனங்களுக்கு விதியிலேயே தடை இருந்தது. தாழ்ந்த பாலம் அப்படிப்பட்ட சாலைகளில் எங்கும் உள்ளது. பாலத்தைக் கொண்டு தடுக்க என்ன தேவை? கதை உடைந்தது என்று பலர் நினைத்தார்கள்.

2017-ல் நகர வரலாற்றாசிரியர் தாமஸ் கம்பனெல்லா செய்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. இரு தரப்பும் பாலம் தாழ்வு, தாழ்வு என்று பேசிக்கொண்டிருந்தபோது, அவர் அதே காலத்து மற்றத் தோட்டச் சாலைகளின் பாலங்களோடு மோசஸின் சதர்ன் ஸ்டேட் சாலைப் பாலங்களின் உயரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். மோசஸின் பாலங்கள் சராசரியாக ஓர் அடிக்கு மேல் தாழ்வாக இருந்தன. இது ஷபைரோவின் கூற்றை நிரூபிக்கவில்லை. ஆனால் "எல்லா இடத்திலும் அப்படித்தான்" என்ற மறுப்பின் ஒரு காலை உடைத்தது. சட்டத்தை மாற்றலாம், பாலத்தை மாற்றுவது எளிதல்ல என்ற கணக்கு மோசஸிடம் இருந்ததாகவும் ஷபைரோ சொல்லியிருக்கிறார். அப்படியானால் சட்டத் தடை ஏற்கெனவே இருந்தது என்ற வாதமும் அவ்வளவு வலுவானதல்ல.

ஆக இன்று ஒரு கவனமான வரலாற்றாசிரியர் இப்படி எழுதுவார்: பாலங்கள் ஒப்பீட்டளவில் தாழ்வானவை, இது அளவு. பேருந்துகள் அந்தச் சாலையில் ஓட முடியவில்லை, இது விதியும் விளைவும். மோசஸ் அதை விரும்பியே செய்தார், இது ஒருவர் பல ஆண்டு கழித்துச் சொன்னது. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் ஒரே உறுதியோடு எழுதுபவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். மூன்றாவதை முதலிரண்டின் நிலைக்கு உயர்த்த வேண்டுமானால், பாலங்களின் வடிவமைப்புக் காலத்தைச் சேர்ந்த ஒரு கடிதமோ கூட்டக் குறிப்போ வேண்டும்.